கட்டத்துக்குள் பூத்த ரோஜா

ஒரு முழம்கூட இல்லாத சுவர்த் தொங்கல். நாற்பது கட்டம் அகலம், நாற்பது கட்டம் உயரம், நடுவில் சிவப்பு ரோஜா. கையில் குரோஷா ஊசி, மடியில் கிராப் தாள். தாளில் ஒரு கட்டத்துக்கு ஊசியில் ஒரு பின்னல். முதல் வரிசையை வலமிருந்து படிக்க வேண்டும். பின்னலைத் திருப்பிப் பிடித்ததும் அடுத்ததை இடமிருந்து. எண்ணத் தெரிந்தால் போதும், படம் வரையத் தெரிய வேண்டாம். இந்தச் சலுகையை நமக்கு வாங்கித் தந்தவர்கள் அச்சுக்காரர்கள்.

அதுவரை தையல் மாதிரி என்றால் ஒரு துணித்துண்டு. அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். 1520களில் ஜெர்மனியில் யோகான் ஷோன்ஸ்பெர்கர் என்ற அச்சுக்காரர் மாதிரிகளைப் புத்தகமாக்கினார். 1527இல் கொலோன் நகரத்துப் பீட்டர் குவென்டல் இன்னொன்று வெளியிட்டார். அவருடைய படங்களை வெனிஸ்காரர்கள் எடுத்துப் போட்டார்கள். ஆன்ட்வெர்ப்பிலும் அதே கதை. யாரும் யாரையும் கேட்கவில்லை. கையால் வரைந்த கொடி ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் கோணும். கட்டத்தில் வரைந்த கொடியோ எத்தனை கை மாறினாலும் கோணாது. நகல் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல நண்பன் கிடையாது!

1587இல் ஃபெடரிகோ வின்சியோலோ என்ற வெனிஸ்காரர் பாரிஸில் வெளியிட்ட புத்தகம் பல பதிப்புகள் கண்டது. முடிச்சிட்ட வலையை விரித்து, அதன் கண்களில் சிலவற்றை நூலால் அடைத்தால் உருவம் தெரியும். அந்த வேலைக்கான கட்டப் படங்கள் அதில் இருந்தன. பிரெஞ்சில் வலைக்குப் பெயர் ‘ஃபிலே’. இந்தச் சொல் திரும்பி வரும்.

குரோஷாவுக்கான கொக்கி ஊசியின் பயணம் தனிக்கதை. நம் ஊரில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறார்களே, அந்தக் கூர்முனைக் கொக்கியின் உறவு அது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கியால் சங்கிலித் தையல் போடும் கலை கிழக்கிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் போனது. துணி முரசுத் தோல்போல விறைப்பாக நின்றதால் ‘டம்பூர்’ என்றார்கள். பிறகு யாரோ துணியையே விட்டுவிட்டுச் சங்கிலியை மட்டும் பின்னத் தொடங்கினார்கள். குரோஷா பிறந்தது இப்படித்தான் என்பது ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருத்து. எனக்கும் இதுவே நம்பும்படி இருக்கிறது.

இனி பெர்லின். அங்கே 1805 வாக்கில் ஃபிலிப்சன் என்பவர் கட்டத் தாளில் வண்ண மாதிரிகள் வெளியிட்டார், எடுபடவில்லை. 1810இல் ஊசி வேலையில் தேர்ந்த விட்டிக் அம்மையார், படங்கள் விற்கும் தம் கணவரை வற்புறுத்தி அழகான மாதிரிகளை வெளியிடச் செய்தார். செம்புத் தகட்டில் அச்சாகிவந்த தாளில் கட்டம் கட்டமாகக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். 1842இல் லண்டனில் கைப்பணி நூல் எழுதிய லாம்பர்ட் அம்மையார், அதற்குள் 14,000 தகடுகள் வந்துவிட்டதாகக் கணக்குச் சொல்கிறார். ரோஜா, கிளி, மடிநாய் என ஐரோப்பிய வரவேற்பறைகள் கட்டங்களால் நிறைந்தன. 1856இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் மலேரியா மருந்தான குவினைனைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்தார். கிடைத்தது ஊதாச் சாயம்! அதைத் தொடர்ந்து வந்த செயற்கைச் சாயங்கள், இந்த மாதிரிகளைத் தைத்த கம்பளி நூல்களைப் பளபளக்கச் செய்தன. காய்ச்சலுக்குத் தேடிய மருந்து பூவேலைக்குப் பயன்பட்டது.

ஊசியும் கட்டமும் சந்தித்த இடம் ‘ஃபிலே குரோஷா’. வலையின் கண்ணைக் குரோஷாவிலேயே பின்னி, சிலதை அடைத்து, சிலதைத் திறந்து விட்டார்கள். வின்சியோலோ காலத்துப் படங்கள் அப்படியே பொருந்தின. விலையுயர்ந்த லேஸைக் குரோஷாவால் போலச் செய்வது ஏழை வீடுகளுக்குச் சோறும் போட்டது: 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்களுக்குக் கன்னிமடங்கள் அதைக் கற்றுக்கொடுத்தன. ஏறத்தாழ அதே காலத்தில் பாதிரிமார் குடும்பங்கள் வழியே கோதாவரிக் கரைக்கு வந்த லேஸ் வேலை நரசாபுரத்தில் இன்றும் நடக்கிறது.

மாதிரிகளை உலகெங்கும் கொண்டுபோனதில் டி.எம்.சி. நூல் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. தெரேஸ் டி டில்மான்ட் 1886இல் எழுதிய ஊசிவேலைக் கலைக்களஞ்சியத்தை அது பல மொழிகளில் பரப்பியது. அந்த நிறுவனத்தின் வேர் 1746இல் மூன்று பேர் மியூலூஸ் நகரில் தொடங்கிய துணி அச்சகம். அவர்கள் அச்சிட்டது இந்தியச் சீட்டித் துணியின் நகல். நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேறிய அந்த வகைத் துணியைப் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடை செய்திருந்தது. மியூலூஸ் அப்போது பிரான்சில் சேராத தனி நகரம்.

இன்று பலர் பின்னும் தொங்கலில், அப்போதைக்கு வேண்டாத வண்ண நூல் பின்னலுக்குள்ளேயே மறைந்து கூட வரும். ஒரு பின்னலின் கடைசி இழுப்பைப் புது வண்ணத்தால் இழுத்தால்தான் ஓரம் சுத்தமாக இருக்கும். குவாதமாலாவில் இம்முறைப் பைகளைக் கண்டு கற்ற அமெரிக்கர் கரோல் வென்சுரா 1991இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். திருப்பாமல் வட்டமாகவே பின்னினால் பின்னல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேரான கட்டத்தில் வரைந்த உருவமும் சாய்ந்துவிடும். அவர் சாய்வுக்கு ஏற்றபடி கட்டங்களை நகர்த்தி வைத்த தாள் செய்தார். வலக்கைக்காரர்களுக்கு ஒன்று, இடக்கைக்காரர்களுக்கு ஒன்று.