டாட் காம் பெயர்கள்: ஓர் அலுவலகத்திலிருந்து சந்தைக்கு

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாகக் கணினியை இணைப்பவர் அலுவலக நேரத்தில் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ ஒரு பெயர் கேட்பார். அந்தப் பெயரை வேறு யாரும் வைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, எண் முகவரியோடு ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் கோப்பைப் பிரதியெடுத்துக்கொள்வார்கள். கட்டணம் என்ற பேச்சே இல்லை.

கணினிகள் பெருகவே ஒற்றைக் கோப்பு தாங்கவில்லை. பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து, அந்தந்தக் கிளையை அதற்குரியவர்களே நிர்வகிக்கும் முறையை 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்தார். 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம், அந்தக் கிளைகளில் ஒன்றான டாட் காமில் முதல் பெயரைப் பதிந்தது.

1993இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஒப்பந்தப்படி, பதிவுப் பணி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் சென்றது. விண்ணப்பங்கள் குவிந்தன. 1995 செப்டம்பரில் கட்டணம் வந்தது: 2 ஆண்டுகளுக்கு 100 டாலர். பொதுப் பணத்தில் வளர்ந்த பெயரேட்டுக்கு ஒரே ஒரு கடைக்காரர் என்பது நியாயமான ஏற்பாடு அல்ல.

இணையப் பெயர்களை மேற்பார்வையிட 1998இல் உருவான ஐகான் அமைப்பு, மறு ஆண்டே தொழிலை இரண்டாகப் பிரித்தது. மூல ஏட்டை வைத்திருப்பது பதிவகம். மக்களிடம் பெயரை விற்பவர் பதிவாளர். பெயர் காலியாக இருக்கிறதா என்று பதிவாளரின் கணினி பதிவகத்தைக் கேட்கும். இருந்தால் அந்த நொடியே வாடிக்கையாளருக்காகப் பதிந்துவிடும். வசூலான தொகையில் ஒரு பங்கு பதிவகத்துக்குப் போகும். சோதனைக்காக முதலில் சேர்க்கப்பட்ட ஐவரில் ரெஜிஸ்டர் டாட் காமும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஐடியும் அடக்கம். போட்டியால் விலை சரிந்தது. பெயரில் கிடைத்த லாபம் சுருங்கவே, தளத்துக்கான இடம், மின்னஞ்சல் போன்ற சேவைகளையும் பதிவாளர்கள் விற்கத் தொடங்கினர்.

பணம் கட்டியவருக்குக் கிடைப்பது குறிப்பிட்ட காலத்துக்கான உரிமை மட்டுமே. புதுப்பிக்கத் தவறிய பெயரைப் பதிவாளர் நீக்கிய பிறகும், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதுவும் கடந்தால், மேலும் 5 நாளில் பெயர் யாருக்கும் கிடைக்கும்.

2000இல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸை வெரிசைன் வாங்கியது. 2003இல் சில்லறை விற்பனைப் பிரிவை விற்றுவிட்டு, டாட் காமின் மூல ஏட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.