மளிகை

வேளாண்மையை நம்பி வாழும் சிற்றூர் எதுவாயினும் அதன் கடைத்தெருவில் மளிகைக் கடை ஒன்று இல்லாமலிராது. நாள்தோறும் நம் நாவில் புழங்கும் இச்சொல்லின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுந்தால், அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது மாளிகை வாயிலில். மாளிகை என்பதன் முதலெழுத்துக் குறுகி மளிகையாயிற்று என்று கொள்வதற்குக் கன்னடம் நல்ல சாட்சி பகர்கின்றது. அம்மொழியில் நெடில் முதலாகிய 'மாளிகெ' மேல்மாடத்தையும், குறில் முதலாகிய 'மளிகெ' கடையையும் குறித்து இன்றும் அருகருகே வாழ்கின்றன. புத்தகக் கடையைக்கூட அவர்கள் 'புஸ்தக மளிகெ' என்கிறார்கள். ஓலைக் கூரைகளே மிகுந்திருந்த காலத்தில், மழைக்கும் நெருப்புக்கும் எலிக்கும் அஞ்சிய வணிகன் தன் சரக்கைக் கெட்டியான சுவரெழுப்பிக் கட்டிய கட்டடத்திலேயே பத்திரப்படுத்தியிருப்பான் ஆதலால், பெரிய கட்டடத்தின் பெயர் பண்டசாலைக்குரியதாகிப் பிறகு கடைக்கும் இறங்கி வந்தது என்பது என் அபிப்பிராயம்.

அவ்வளவோடு அச்சொல் நின்றுவிடவில்லை. 'ஊர் சிரித்தது' என்னும்போது ஊர் என்ற இடப்பெயர் அங்குள்ள ஜனங்களுக்கு ஆகி வருவதுபோல, மளிகை என்னும் இடப்பெயர் அவ்விடத்துப் பண்டங்களுக்கு ஆகிவந்தது. இலக்கண நூலார் இதனை இடவாகுபெயர் என்பர். 'இந்த மாதத்து மளிகை இன்னும் வாங்கவில்லை' என்று இல்லத்தரசி சொல்லும்போது அவள் கருதுவது புளி, மிளகாய், மல்லி, பருப்பு, வெல்லம், எண்ணெய் ஆகியவற்றையே அன்றிக் கட்டடத்தை அன்று. பொருள் இவ்வாறு சரக்கின்மேல் ஏறிவிட்டபின், இடத்தைக் குறிக்க வேறொரு சொல் வேண்டியிருந்தமையால் 'கடை' வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கடை என்னும் சொல்லுக்கும் வாயில் என்றொரு பழம்பொருள் உண்டு. புறக்கடை, தலைக்கடை என்னும் வழக்குகளில் அது இன்னும் மறையவில்லை.

பெயர் குறுகினாலும், பண்டசாலையின் தன்மை கிராமத்து மளிகைக் கடையை விட்டு நீங்கவில்லை என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. விதைப்புக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் கையில் காசு காணாத குடியானவன், சிட்டையில் பற்று எழுதச் சொல்லிச் சாமான் வாங்கிச் செல்வான். களம் கண்டவுடன் மல்லியோ துவரையோ ஆமணக்கு முத்தோ மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கி, அதன் மதிப்பைப் பேரேட்டில் வரவு வைக்கச் செய்வான். ஆகவே, தூரதேசத்திலிருந்து வந்த பெருங்காயமும் அடுத்த வயலில் விளைந்த துவரையும் ஒரே கூரையின் கீழ்த் தங்கின. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற கணக்கை எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் பிழையின்றிச் சொல்லுவாள். கடைக்காரர் எண்ணெயை அளவையில் முகந்து, புனலில் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டும் இறங்கும்வரை சாய்த்தபடியே பிடித்திருப்பார். அவள் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கூட வந்த குழந்தையின் கையில் ஒரு சிட்டிகைப் பொட்டுக்கடலை விழும். கொசுறு என்ற அந்த வழக்கத்தின் பெயர், தெலுங்கில் கொசரு என்று வழங்குவது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவைகள் படிப்படியாகப் புகுந்து, 1962-க்குள் கிராமும் லிட்டரும் சட்டப்படி நிலைபெற்ற பின்னரும், வீசையும் படியும் ஜனங்களின் பேச்சிலிருந்து லேசில் அகலவில்லை.

கடைக்குள் இருந்த சரக்குகளின் பெயர்களிலும் சரித்திரம் பொதிந்து கிடக்கின்றது. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய்க்கு, உறைப்பினால் நம்மவர் மிளகின் பெயரையே சார்த்தி மிளகாய் என்றார்கள். வெள்ளைச் சர்க்கரைக்கு அஸ்கா என்ற பெயர் வந்தது, அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் கஞ்சம் ஜில்லாவில் சர்க்கரை ஆலை ஏற்பட்ட அஸ்கா என்னும் ஊரினால். அந்த ஊர் இப்போது ஒடிசாவில் இருக்கின்றது. மண்ணெண்ணெய் சீமையெண்ணெய் எனப்பட்டதன் காரணத்தை நான் விளக்க வேண்டுவதில்லை.

இச்சிறு கடைகளுக்குச் சரக்கு அனுப்பிய பேட்டைகளில் விருதுநகர் தலையாயது. விருதுபட்டி என்றிருந்த அவ்வூரின் நாடார் வணிகர்கள், தம் வியாபாரத்தினின்று மகமை என்று ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பொதுக்காரியங்களுக்குச் செலவிட்டார்கள். 1889-இல் தோன்றியதும் காமராசர் பயின்றதுமாகிய க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்ததே. மிளகாய் மூட்டையும் மல்லி மூட்டையும் பிள்ளைகளின் கல்விக்கு ஆதாரமாயின என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது.

தமிழ் வழங்கும் பிரதேசம் முழுதும் இச்சொல் ஒன்றே ஆளுகின்றதென்று எண்ணலாகாது. நெல்லையிலும் குமரியிலும் ஈழத்திலும் பலசரக்குக் கடை என்பதே பெருவழக்கு, மலையாளத்திலும் பலசரக்கே. பல சரக்குகள் சேர்ந்திருப்பதை நேரே சொல்லும் அப்பெயர் தெளிவுடையதே எனினும், மளிகைக்குள்ள வம்சாவளி அதற்கில்லை. புகாரிலும் மதுரையிலும் வழங்கிய அங்காடி என்ற சொல்லோ, கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் இடையறாது வாழ்ந்திருக்க, தமிழ்ப் பேச்சில் நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்து, நம் நாளில் நகரத்துப் பெருங்கடைகளின் முகப்பில் 'பல்பொருள் அங்காடி' என்று மீண்டும் ஏறியிருக்கின்றது. அப்பெருங்கடைகளிலும் பருப்பும் புளியும் அடுக்கிய பகுதிக்குப் பெயர் எழுத நேர்ந்தால், மளிகை என்றே எழுதுகிறார்கள்.