மையும் புகையும்

கார்த்திகைத் திருவிழா முடிந்த பிறகு திருவண்ணாமலையில் ஒரு வழக்கம் உண்டு. 2,668 அடி உயரமுள்ள மலையுச்சியில் பதினோரு நாள் எரிந்த கொப்பரையின் கரியைத் திரட்டி மையாக்கி, மார்கழித் திருவாதிரையன்று நடராஜருக்குச் சாத்துவார்கள். பிறகு அது பக்தர்களுக்குப் பிரசாதமாகும். புகையின் மிச்சத்தை நெற்றியில் இட்டுக்கொள்ளும் ஊர் இது.

பஞ்சபூத ஸ்தலங்களில் அக்கினிக்கு அண்ணாமலை என்றும், வாயுவுக்குக் காளஹஸ்தி என்றும் பிரித்து வைத்தார்கள் பெரியோர்கள். இந்தப் பாகப்பிரிவினை மோட்டார் வண்டிக்குத் தெரியாது. அது அக்கினியை வயிற்றில் வைத்துக்கொண்டு வாயுவைக் கெடுக்கிறது. நெற்றியில் பட்ட கரியைத் தண்ணீர் கழுவிவிடும். நெஞ்சுக்குள் போன கரிக்கு அந்த வசதி இல்லை.

புகை பொல்லாதது என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1661-ஆம் வருஷமே ஜான் ஈவ்லின் என்ற ஆங்கிலேயர், லண்டன் நகரத்து நிலக்கரிப் புகையைப் பற்றி ஒரு நூல் எழுதி மன்னர் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்தார். புகை கக்கும் தொழில்களை நகருக்கு வெளியே அனுப்பி, மணம் வீசும் செடிகளை நடவேண்டும் என்பது அவர் யோசனை. காரியம் எதுவும் நடக்கவில்லை. ஏறத்தாழ முந்நூறு வருஷம் கழித்து அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது.

1952 டிசம்பர் 5-ஆம் தேதி லண்டனில் காற்று அசையாமல் நின்றுவிட்டது. தரையருகே குளிர்ந்த காற்று, அதற்கு மேலே மூடி போட்டாற்போல வெப்பக் காற்று. வீட்டு அடுப்புகளும் மின் நிலையங்களும் விட்ட புகை மேலே போக வழியின்றி ஐந்து நாள் தெருவிலேயே தங்கிற்று. நாடகக் கொட்டகைக்குள்ளும் புகுந்து, மேடையே தெரியாமல் ஆட்டம் நின்றுபோயிற்று. யாரும் தெருவில் சுருண்டு விழவில்லை. கிழவர்களும் குழந்தைகளும் நெஞ்சுச் சளிக்காரர்களும் தத்தம் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே நடந்தது இன்னதென்று அப்போது ஊருக்குப் புரியவில்லை. மரணப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் வழக்கத்தைவிட நாலாயிரம் பேர் அதிகமாக இறந்தது தெரிந்தது. அடுத்த சில மாதங்களில் நேர்ந்த சாவுகளை சர்க்கார் விஷக்காய்ச்சலின் கணக்கில் எழுதிற்று. அவற்றையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரம் வரை ஆகும் என்று 2001-இல் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. வங்காளத்தில் 1905-லேயே புகைத் தொல்லைச் சட்டம் போட்டார்கள். நாடு முழுமைக்கும் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு போயிற்று. ஆனால் பழக்கம் சட்டத்தைவிடக் கெட்டியானது. 2018 போகியன்று சென்னையில் பழையன கழித்த புகையில் விமானங்கள் இறங்க முடியாமல் தடுமாறின.

பெரிய தூசியை மூக்கு மயிரும் சளியும் பிடித்து நிறுத்திவிடும். தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் காவலைத் தாண்டி நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகும். அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமாக்காரருக்கு இரைப்பு வரும், இருதயமும் தப்பாது. 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெளிக்காற்றின் மாசைப் புற்றுநோய்க் காரணங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். பௌர்ணமியன்று லட்சக்கணக்கான ஜனங்கள் பதினான்கு கிலோமீட்டர் மலையை வலம் வருகிறார்கள். பெரும்பாலோர் நடப்பது இரவில். இரவில் தரை குளிர்ந்து, காற்று அடங்கி, புகை கீழேயே தவழும். லண்டனுக்கு இருந்த விதிதான் இங்கும். நடப்பவர் உட்கார்ந்திருப்பவரைவிடப் பன்மடங்கு காற்றை உள்ளே வாங்குகிறார். அவராவது ஓரிரவில் ஊர் திரும்பிவிடுவார். பஸ் நிலையத்து வாசலில் பூக்கட்டும் அம்மாளும், ஆட்டோக்காரரும், பாதையோரத்துச் சாதுவும், சந்தியில் நிற்கும் போலீஸ்காரரும் எங்கே திரும்புவது? பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் இருக்கும் நாட்களும் அவர்களுக்குத் தெருவில்தான்.

தீபத்தன்று ஊருக்கு வெளியே தற்காலிகப் பஸ் நிலையங்கள் அமைத்து வண்டிகளை நிறுத்துகிறார்கள். நெரிசலுக்காகச் செய்வது நெஞ்சுக்கும் நல்லதாகிறது. அதை மற்ற நாட்களுக்கும் நீட்டலாம். அதற்கு முன் செலவில்லாத காரியம் ஒன்று உண்டு: பௌர்ணமிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை மாதா மாதம் கூட்டி, ஊரறியச் சுவரில் ஒட்டிவைக்கலாம். லண்டன்காரர்கள் இறந்தவர்களை எண்ணிய பிறகு விழித்துக்கொண்டார்கள். நாம் இருமுகிறவர்களை எண்ணுவதிலிருந்தே தொடங்கலாம்.