யோகினியர்

யோகினியர் என்போர் இரவில் கூடுபவர்கள், விரும்பிய உருவெடுப்பவர்கள், வான்வழி செல்பவர்கள் என்று தாந்திரிக நூல்கள் சொல்லும் பெண் தெய்வக் குழாத்தினர். அவர்களை வழிபட்டு அவர்களுடைய ஆற்றலை அடைந்ததாகக் கருதப்பட்ட மானிடப் பெண்களுக்கும் இதே பெயர் வழங்கிற்று. குழாத்தின் எண்ணிக்கை பெரும்பாலும் 64. தமிழ்நாட்டில் இவர்களுக்கென எழுந்த கோயில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் 10ஆம் நூற்றாண்டில் இருந்தது. கட்டடம் அழிந்தது, சிலைகள் மூன்று கண்டங்களுக்குச் சிதறின. திண்டுக்கல் சமவெளியின் குளக்கரைகளில் இன்றும் பொங்கல் பெறும் ஏழு கன்னிமார் இவர்களுக்கு நெருங்கிய உறவினர்.

தோற்றமும் வகையும்

யோகினியரின் வேர் தாய்த் தெய்வ வழிபாட்டில் உள்ளது. பிராமி, மாகேசுவரி, கௌமாரி, வைஷ்ணவி, வராகி, இந்திராணி, சாமுண்டி என்னும் எழுவரோடு எட்டாவதாக ஒருத்தியைச் சேர்த்து எண்மராக்கினர். எண்மரில் ஒவ்வொருத்தியும் ஒரு குலத்துக்குத் தாய். ஒவ்வொரு குலத்திலும் எட்டு யோகினியர். இந்தக் கணக்கில்தான் 64 பிறக்கிறது. ஒன்பது குலமும் குலத்துக்கு ஒன்பதின்மரும் கொள்ளும் மரபில் எண்ணிக்கை 81 ஆகும். குலமே இங்கு அடிப்படை. ஒரு பெண் எந்தத் தாயின் குலத்தவள் என்பதை அவளுடைய தோற்றம், நடை, விருப்பமான உணவு, வீட்டுச் சுவரில் வரையும் குறி ஆகியவற்றைக் கொண்டு அறியும் முறைகளைத் தந்திர நூல்கள் விரிவாகக் கூறுகின்றன.

மச்சேந்திரநாதர் பெயரில் வழங்கும் ‘கௌலஞான நிர்ணயம்’ என்னும் வடமொழி நூல் வேறொரு வகைப்பாட்டைத் தருகிறது. புனித நிலத்தில் தோன்றியவர் க்ஷேத்ரஜா, பீடத்தில் தோன்றியவர் பீடஜா, யோகப் பயிற்சியால் ஆனவர் யோகஜா, மந்திரத்தால் ஆனவர் மந்த்ரஜா, இயல்பாகவே அமைந்தவர் சகஜா, குலவழியில் வந்தவர் குலஜா. இந்த ஆறில் மூன்றாவதையும் நான்காவதையும் கவனிக்க வேண்டும். முயன்றால் ஒரு மானிடப் பெண் யோகினியாகலாம் என்ற கொள்கை அவற்றில் இருக்கிறது. சாதியும் செல்வமும் தடையாகாத வழி என்று இந்நெறி தன்னைச் சொல்லிக்கொண்டது. மச்சேந்திரரைத் தமிழ்ச் சித்தர் வரிசையின் மச்சமுனியாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு.

மறைவு இக்கூட்டத்தின் உயிர். உபதேசம் வாய்மொழியாகவே நடந்தது. அடையாளம் காண உடற்குறிகள் இருந்தன. ஒருவர் ஒரு விரலைக் காட்டினால் மற்றவர் இரு விரலைக் காட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ‘ஹேவஜ்ர தந்திரம்’ என்னும் பௌத்த நூல் கூறுகிறது. சைவ, பௌத்தக் குழுக்கள் இரண்டுமே இத்தகைய குறிமொழியைக் கையாண்டன. கூடும் இடம் சுடுகாடு, மலையுச்சி, நாற்சந்தி. காலம் தேய்பிறை நாட்களின் நள்ளிரவு. வெளியார் இவர்களைப் பிணந்தின்னிகள் என்றும் குழந்தைகளைக் கொண்டுபோகிறவர்கள் என்றும் அஞ்சினர். கதவைச் சாத்திக்கொண்டு வழிபடும் எந்தப் பெண் கூட்டத்தின் மீதும் ஊர் சுமத்தும் பழியே இது.

வட்டக் கோயில்கள்

யோகினி கோயிலின் அமைப்பு இந்தியக் கோயில் மரபில் தனித்து நிற்பது. வட்டமான சுற்றுச்சுவர், மேலே கூரை கிடையாது. சுவரின் உட்புற மாடங்களில் யோகினியர் நடுவை நோக்கி நிற்பர் அல்லது அமர்ந்திருப்பர். நடுவில் சிவன் அல்லது பைரவர். வானிலிருந்து இறங்கி மீண்டும் பறப்பவர்களுக்கு விமானமும் கூரையும் தடை என்பதே இத்திறந்த அமைப்புக்குக் கூறப்படும் காரணம்.

ஒடிசாவில் புவனேசுவரத்துக்கு அருகிலுள்ள ஹிராபூர் கோயில் மிகச் சிறியது. அழகில் முதலிடம் அதற்கே. அதைக் கேதார்நாத் மகாபாத்திரா 1953இல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அதே மாநிலத்தின் ராணிப்பூர்-ஜரியால், மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள பேராகாட், மொரேனா மாவட்டத்து மிதாவலி ஆகியன பிற வட்டக் கோயில்கள். பேராகாட்டில் 81 மாடங்கள் உள்ளன. பீடங்களில் யோகினியரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கஜுராஹோ கோயிலோ நீள்சதுரம். எல்லாமே 9 முதல் 12ஆம் நூற்றாண்டுக்குள் அடங்குபவை. மறைவாக வழிபட்ட கூட்டத்துக்கு இத்தனை கல் திருப்பணி அரச ஆதரவின்றி நடந்திராது. போரில் வெற்றி நாடிய மன்னர்கள் இவர்களைச் சரணடைந்தனர்.

தமிழ்ச் சான்றுகள்

தமிழில் இக்கூட்டத்தின் நிழல் காப்பியங்களிலேயே விழுகிறது. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் மாலதி என்னும் பெண் மாற்றாள் குழந்தைக்குப் பால் புகட்ட, பால் விக்கிக் குழந்தை இறக்கிறது. அவள் கோயில் கோயிலாக அலைந்து பாசண்டச் சாத்தன் கோட்டத்தில் வரம் கிடக்கும்போது, இளம்பெண் உருவில் வந்த இடாகினிப் பேய் குழந்தையின் உடலை வாங்கிச் சுடுகாட்டுக் கோட்டத்துக்குக் கொண்டுபோய் விழுங்குகிறது. உருமாற்றம், சுடுகாடு, பிணவுணவு என்று பிற்காலத் தந்திரங்கள் பேசும் மூன்றும் இங்கே ஒன்றாக உள்ளன.

மணிமேகலை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மணிபல்லவத் தீவில் மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களைக் கற்பிக்கிறது: வேற்றுருக் கொள்வது, வான்வழி செல்வது, பசியை நீக்குவது. முதல் இரண்டும் யோகினியருக்கே உரிய ஆற்றல்கள். நூலாசிரியர் சாத்தனார் அவற்றை ஓர் இளம் துறவியிடம் அறப்பணிக்கெனக் கொடுத்தார். தமிழ் இலக்கியத்தில் இவ்வாற்றலைப் பெண்ணொருத்தி அச்சமூட்டாமல் ஏந்தி நிற்கும் மிகச் சிறந்த இடம் இதுவே.

கலிங்கத்துப்பரணியில் காளி கோயிலைப் பாடும் பகுதியில் யோகினியர் பெயர் சுட்டப்பட்டு வருகின்றனர்: வலக்கையில் படைக்கருவி, இடக்கையில் புதிதாக வெட்டிய தலை. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியில் யாமளம் என்னும் தந்திர நூல்களின் சாயல் இன்னும் அடர்த்தி. உ. வே. சாமிநாதையர் பழைய உரையோடு அதை 1930இல் பதிப்பித்தார். இப்பரணிகளின் ஆசிரியர்களான சோழர் அவைக்களப் புலவர்கள் இருவரும் யோகினியரைப் பாடியிருப்பதால், அக்காலத்தில் இவ்வழிபாடு தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டிருந்தது தெளிவு.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் அட்டமாசித்தி உபதேசித்த படலத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். இயக்கியர் அறுவர் சிவனிடம் எட்டுச் சித்திகளைக் கேட்கின்றனர். உபதேசத்தில் மனம் ஊன்றாததால் பட்டமங்கையில் ஆலமரத்தடியில் ஆயிரம் ஆண்டு கற்பாறைகளாகக் கிடக்கச் சபிக்கப்படுகின்றனர். பின்னர் மதுரையிலிருந்து வந்த இறைவன் சாபம் நீக்கிச் சித்திகளை அருளுகிறார். கல்லாகிக் கிடந்து ஆற்றல் பெற்ற பெண் குழு என்னும் இக்கதை, சிவகங்கை மாவட்டத்துப் பட்டமங்கலத்தைத் தன் இடமாகக் கொண்டது.

காஞ்சி யோகினியர்

புதுச்சேரிக் கல்லூரி ஆசிரியரும் பல்லவர் கலை ஆய்வாளருமான பிரெஞ்சுக்காரர் ழூவோ-துப்ருய் 1926இல் காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம் பகுதிகளில் முன்னர்க் கூறிய யோகினி கோயிலின் சிலைகளைத் திரட்டினார். அவை பாரிசில் இருந்த சி. டி. லூ என்னும் கலைப்பொருள் வணிகரிடம் போய்ச் சேர்ந்தன. அன்றைய ஆட்சியில் இது வாணிகம். விளைவைப் பார்த்தால் கொள்ளை என்பதே பொருத்தமான சொல். இன்று இக்குழாத்தின் சிலைகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாரிசின் கிமே அருங்காட்சியகம், வாஷிங்டன், மினியாபொலிஸ், டெட்ராய்ட், கான்சஸ் சிட்டி, டொரன்டோ ஆகிய இடங்களில் உள்ளன. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

சிலைகள் அமர்ந்த நிலையில் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம் உடையவை, நான்கு கைகள். விரிந்த கூந்தல் தலையைச் சுற்றி ஒளிவட்டமாக எழுகிறது. கபாலம், பாம்பு, கதை, கேடயம் எனக் கையிலுள்ளவை ஒருத்திக்கொருத்தி வேறு. ஒருத்தி முறமும் துடைப்பமும் ஏந்தியிருக்கிறாள். மூதேவி என்று ஊர் ஒதுக்கிய சேட்டையின் கைப்பொருள்கள் இவை. சிலருக்குக் கோரைப்பல் உண்டு. ஆனால் உடல் செழுமையானது, முகம் அமைதியானது. அச்சமும் அருளும் ஒரே கல்லில் இப்படிக் கூடியது தமிழ்ச் சிற்பத்தில் அரிது. வித்யா தெஹேஜியா 1986இல் வெளியிட்ட ஆய்வு நூல் இவற்றை அனைத்திந்திய யோகினி மரபில் வைத்து விளக்கிற்று. சிலைகள் இழந்த வீட்டையும் சென்ற வீடுகளையும் பத்மா கைமல் 2012இல் தனி நூலாக எழுதினார்.

திண்டுக்கல் சமவெளியின் கன்னிமார்

சிறுமலை அடிவாரம் முதல் குடகனாற்றுப் பாசன ஊர்கள் வரை, கண்மாய்க் கரையிலும் கிணற்றடியிலும் வேப்ப மர நிழலிலும் ஏழு கற்கள் வரிசையாக நடப்பட்டிருப்பதைக் காணலாம். சில இடங்களில் உருவம் செதுக்கியிருப்பார்கள்; பல இடங்களில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த வெறுங்கல்தான். கோயில்களில் சப்தமாதர் எனப்படுவோரே இங்குக் கன்னிமார். படையல் பச்சரிசி மாவு, பொங்கல், பாவாடைத் துணி, காதோலை கருகமணி. உச்சிவேளையிலும் நடுச்சாமத்திலும் கன்னிமார் சுனையில் குளிக்க வருவார்கள், அந்நேரம் ஆண்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது ஊர் நம்பிக்கை. பக்கத்தில் காவலுக்குக் கருப்பசாமி நிற்பார். யோகினி வட்டத்தின் பைரவருக்கு நேரான இடம் இது.

கல்லில் வடித்த எழுவர் முந்தியவரா, வெறுங்கல் எழுவர் முந்தியவரா என்னும் வினாவுக்கு, நீர்நிலைக் கன்னியரே மூத்தவர்கள் எனக் கொள்வது பொருந்தும். மக்கள் நட்ட கல்லுக்குச் சிற்பி பின்னர் வந்தே உருக்கொடுப்பான்.

பிற்காலப் புனைவில்

அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட்டின் ‘ட்யூன்’ (1965) என்னும் அறிவியல் புனைவில் யோகினியரை நினைவூட்டும் பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் சபை வருகிறது. பகைவர் அவர்களைச் சூனியக்காரிகள் என்பார்கள். குரலால் பிறரைப் பணியவைப்பது, தலைமுறை தலைமுறையாக அரச குலங்களின் திருமணங்களை மறைவில் இயக்குவது, முன்னோர் பெண்களின் நினைவைத் தம்முள் ஏற்பது அவர்கள் வல்லமை. நரம்பையும் தசையையும் அடக்கியாளும் அவர்களது பயிற்சிக்கு ஹெர்பர்ட் வைத்த பெயர் ‘பிராண-பிந்து’. யோக நூல்களிலிருந்து எடுத்த சொற்கள் அவை. குலவழி ஆற்றல், மறைவு, பெண் குரு ஆகிய மூன்றிலும் இச்சபை யோகினிக் குழாத்தை ஒத்தது. இச்சபையின் தொடக்கத்தைச் சொல்லும் 2024ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரில், ‘காதல் தேசம்’ படத்தின் வழியாகத் தமிழருக்கு அறிமுகமான நடிகை தபு சகோதரி பிரான்செஸ்கா வேடத்தில் நடித்தார்.

இன்றைய நிலை

உத்தரப் பிரதேசத்தின் லோகரியிலிருந்து திருடப்பட்ட இரு யோகினி சிலைகளில் எருது முகத்தவள் பாரிசிலிருந்து 2013இலும், ஆட்டு முகத்தவள் இங்கிலாந்திலிருந்து 2022இலும் இந்தியாவுக்குத் திருப்பித் தரப்பட்டனர். சிதறிய காஞ்சி யோகினியரில் மூவர் 2013இல் வாஷிங்டனில் நடந்த யோகக் கலைக் கண்காட்சியில் முதன்முறையாக ஒன்றுகூடினர். கண்காட்சி முடிந்ததும் அவரவர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பினர்.