மனத்தையும் கேட்கும் நீதி

சாகுபுரத்திற்குத் தெற்கே, திருச்செந்தூரில் நாட்டின் நீதிமன்றம் இருக்கிறது. வடக்கே, தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு 1923-இல் உருவான நம் மறைமாவட்டத்திற்கும் ஒரு தீர்ப்பாயம் உண்டு. ஒன்று குற்றத்தை விசாரிக்கிறது. மற்றொன்று பெரும்பாலும் திருமணப் பிணைப்பை ஆராய்கிறது. ஆயினும் இரண்டும் இன்று ஒரே கேள்வியைக் கேட்கின்றன: செயலின் பின்னிருந்த மனம் எத்தகையது?

1843-இல் இலண்டனில் மக்நாட்டன் என்பவர், பிரதமர் பீலின் செயலரான டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். மருத்துவர்களின் சாட்சியத்தால் அவர் மனநோயாளி எனக் கண்டு, நடுவர் குழு அவரை விடுவித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டே நீதியரசர்கள் வகுத்த நெறி, 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக இடம்பெற்றது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாக அது தொடர்கிறது.

பின்னர் உளவியலாரும் நீதிக்குத் துணையாயினர். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட, 16 வயது நிறைந்த சிறாரின் மனத்திறனை மதிப்பிட அவர்களின் உதவியைப் பெறலாம் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் மனத்தை வலிந்து திறக்க எவருக்கும் உரிமையில்லை. ஒருவரின் இசைவின்றி மயக்க மருந்து கொடுத்தோ, பொய் அறியும் கருவியில் அமர்த்தியோ உண்மையைக் கறக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது.

திருஅவையும் இவ்வழியே நடந்திருக்கிறது. உளவியல் காரணங்களால் திருமணக் கடமைகளை ஏற்க இயலாதோரைப் பற்றி 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தின் 1095-ஆம் எண் பேசுகிறது. அத்தகைய வழக்குகளில் வல்லுநரின் கருத்து கேட்கப்படுகிறது. எனினும் இயலாமை வேறு, இடர்ப்பாடு வேறு என்று 1987-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தெளிவுபடுத்தினார். வல்லுநர் விளக்குவார், தீர்ப்பு நீதிபதியுடையதே.

இம்மாற்றத்தை நாம் கல்லறைத் தோட்டத்தில்தான் ஆழமாக உணர்கிறோம். திட்டமிட்டுத் தற்கொலை செய்துகொண்டோர்க்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டம் திருஅவை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. கடும் மன வேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி. நாட்டுச் சட்டமும், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என 2017-இல் கூறியது.

சட்டங்கள் மாறிவிட்டன; நம் நாவுகள் மாறினவா? கடலின் மேற்பரப்பைப் பார்த்துச் சிப்பிகளை எண்ண முடியாது என்பதை முத்துக்குளித்த நம் முன்னோர் அறிந்திருந்தனர். துயருற்ற வீட்டின் வாசலில் தீர்ப்புச் சொல்லுமுன், அவ்வறிவை நாமும் நினைவில் கொள்வோம்.