களிச் சீமையில் கணைய நோய்

1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்குக் கண்ட மாவட்டம் சேலம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. சட்டம் கொண்டுவந்த ராஜாஜி ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்காரர். கேழ்வரகுக் களியும் கீரையுமே அன்று இந்த வானம்பார்த்த மண்ணின் சாப்பாடு.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் மொபெட்டும் வந்தன; அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே டைட்டன் கடிகாரமும் வந்தது. வயலில் குனிந்த உடல் ஷிஃப்டுக்கு மாறியது. இரவு வேலை முடித்தவருக்குப் பரோட்டாவும் பிரியாணியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு சட்டம் பலமுறை மாறி, 2003இல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே ஏற்றது.

இந்த மாற்றங்களின் சுமை கணையத்தின் மீதும் விழுகிறது.

கணைய அழற்சியை 1889இல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் விரிவாக வரையறுத்தார். பித்தப்பைக் கல், மது ஆகியவற்றை அடுத்து இதற்கு முக்கியக் காரணம் ரத்தத்தில் மிகும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு. வெறும் வயிற்றில் அது டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 1000ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்கும். குழாயில் எடுத்த ரத்தத்தின் மேல்நீர் பால்போல் வெளுக்கும். கணைய நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்க, வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் கணையத் திசுவையும் நுண்குழாய்களையும் அரிக்கின்றன. கட்டுப்படாத சர்க்கரையும் மதுவும் சேர்ந்தால் அதன் அளவு இன்னும் ஏறும்.

மேல்வயிற்றில் எழும் வலி முதுகுக்கும் பரவும். பலர் சில நாளில் தேறிவிடுவார்கள். ஆனால் நுரையீரலோ சிறுநீரகமோ 48 மணி நேரத்துக்கு மேல் செயலிழந்தால் அதைக் கடும் நோய் என்கிறது 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு. கொழுப்பு மிக ஏறியவர்களிடம் இந்தக் கட்டம் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசம், டயாலிசிஸ், சி.டி. ஸ்கேன், சிலருக்கு பிளாஸ்மா மாற்றம் என்று பில் வளர்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பம் ஆம்புலன்ஸில் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூரு போகும்போது, நகை அடகுக்குப் போயிருக்கும். இ.எஸ்.ஐ. பதிவு ஒழுங்காக இருக்கிறதா என்பது அந்தக் குடும்பத்துக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் (INDIAB) ஆய்வு 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, பரிசோதிக்கப்பட்டவர்களில் 29.5 சதவீதத்தினருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். ஆலைகளின் ஆண்டுப் பரிசோதனையில் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அதற்கு இந்த மண்ணிலேயே முன்னோடி உண்டு: 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அதே கையோடு கொழுப்பையும் அளந்தால், 500ஐத் தாண்டியவருக்கு மதுவை நிறுத்தச் சொல்லி, சர்க்கரையைச் சீராக்கி, கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை தர முடியும்; அவர் ஐ.சி.யூ. வாசலுக்குப் போகும் முன்பே.