வாசலில் நிற்பவனும் அவன் கையிலுள்ள பட்டியலும்



உயர்தரப் பெறுபேறு வெளியாகும் இரவில் நம்மூர் வீடுகளில் யாரும் நேரத்துக்குத் தூங்குவதில்லை. பிள்ளை ஒரு மூலையில், வாப்பா போனோடு இன்னொரு மூலையில். சுட்டெண்ணைப் போட்டால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். பத்து நிமிடத்தில் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும்: "வெப்சைட்ட ஹெக் பண்ணிட்டாங்களாம்."

பெரும்பாலும் நடப்பது நெரிசல்தான். நாடே ஒரே நேரத்தில் ஒரே வாசலில் போய் நின்றால் வேறென்ன ஆகும்? ஆனால் அந்தச் செய்திக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால், அதில் பெறுபேறு பார்க்க வந்த உம்மா யார், கதவை உடைக்க வந்தவன் யார் என்று ஓர் இணையத்தளம் எப்படிப் பிரித்தறியும்? வகுப்பில் ஒரு மாணவி இதைக் கேட்டாள். அன்று நாங்கள் சொன்ன பதில் அரைகுறை. அதன்பின் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

இந்த வரலாறு ஒரு மாணவனில் தொடங்குகிறது. 1988 நவம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் எழுதிய ஒரு நிரல் இணையத்தில் தானாகவே பரவியது. அன்று இணையத்தில் இருந்ததே ஏறத்தாழ 60,000 கணினிகள். அவற்றில் சுமார் 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அதுவரை இணையம் சொந்தக்காரர்களின் வளவு மாதிரி, படலை போடாமல் கிடந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'சேர்ட்' என்ற அவசர உதவிக் குழு உருவானது. நமது நாட்டில் அதே பெயரில் இயங்கும் இலங்கை சேர்ட் 2006இல் வந்தது.

அந்தக் காலத்தில் எழுந்த முதல் தீச்சுவர்கள் தபாலுறையின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்தன. எங்கிருந்து வருகிறது, எந்தக் கதவுக்குப் போகிறது, அவ்வளவுதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

இலங்கையில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995இல் ஆரம்பமானது. சில ஆண்டுகளுக்குள் வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சல் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள், இரண்டு வாரங்கள். தங்களை 'இணையக் கரும்புலிகள்' என்று அழைத்துக்கொண்ட குழு அதற்கு உரிமை கோரியது. இணையத் தாக்குதல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆரம்ப உதாரணங்களில் ஒன்றாக இன்றும் இதைக் காட்டுகிறார்கள். ஒரு மின்னஞ்சலைத் தனியாக எடுத்தால் அதில் ஆபத்து எதுவுமில்லை. எண்ணிக்கைதான் ஆயுதம். ஆகவே காவலுக்கு நிற்பவனுக்கு எண்ணவும் தெரிய வேண்டும்.

1998 டிசம்பரில் இன்னொரு ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தது. ஃப்ரெக் என்ற ஹெக்கர்களின் மின்னிதழில், ரெயின் ஃபொரஸ்ட் பப்பி என்ற புனைபெயரில் ஒருவர் ஒரு கட்டுரை எழுதினார். இணையத்தளப் படிவத்தின் ஒரு பெட்டிக்குள் பெயருக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கான கட்டளையை எழுதினால், அந்தக் கட்டளை நிறைவேறக்கூடும் என்று அதில் விளக்கினார். இன்று இதை எஸ்.கியூ.எல். ஊடுருவல் என்கிறோம். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், விண்ணப்பப் படிவத்தில் சுட்டெண் எழுதவேண்டிய இடத்தில் ஒருவன் "எல்லோருடைய புள்ளிகளையும் எனக்கு வாசித்துக் காட்டு" என்று எழுதுகிறான். கிளாக்கரும் யோசிக்காமல் எழுந்து நின்று வாசிக்கிறார்.

இங்கே தபாலுறை சரி, விலாசம் சரி, முத்திரையும் சரி. குற்றம் கடிதத்துக்குள் இருக்கிறது. அதனால் கடிதத்தைப் பிரித்து வாசிக்கிற காவலாளி தேவைப்பட்டான். அவன்தான் வெப் தீச்சுவர். 2002இல் இவான் ரிஸ்டிச் என்ற பொறியியலாளர் 'மொட்செக்கியூரிட்டி' என்ற மென்பொருளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். வசதியில்லாத நிறுவனமும் தன் வாசலில் காவல் வைக்கலாம் என்ற நிலை அதனால் உண்டானது.

இந்தக் காவலாளிக்குச் சொந்த அறிவு இல்லை. கையில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பகுதி: ஒரு நிபந்தனை, ஒரு நடவடிக்கை. நிபந்தனை என்பது வருகிறவரின் ஐ.பி. முகவரி, எந்த நாடு, எந்தப் பக்கத்தைக் கேட்கிறார், எந்த உலாவியில் வருகிறார் என்பன. நடவடிக்கை என்பது உள்ளே விடு, தடு, தடுக்காமல் பதிவேட்டில் மட்டும் குறித்துக்கொள், 'நான் மனிதன்தான்' என்று நிரூபிக்கச் சொல் என்பன.

பொதுவாகப் பட்டியல் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். பொருந்துகிற முதல் வரியோடு தீர்ப்பு முடிந்துவிடும். அதனால் வரிகளின் ஒழுங்கு முக்கியம். பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று கேற்றில் நிற்கிற மாணவத் தலைவனிடம், முதல் வரியில் "சீருடை இல்லாதவரை விடாதே" என்றும் இரண்டாம் வரியில் "பெற்றோரை விடு" என்றும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பெற்றோர்கூட மைதானத்துக்குள் வரமாட்டார். பிழை பையனுடையதல்ல, எழுதிக் கொடுத்தவருடையது.

பிறகு மேகக் கணிமை வந்தது. காவலாளி நம் வீட்டு வாசலில் நிற்காமல், வீதியின் தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கான வீடுகளுக்காக நின்றான். 2010இல் கிளவுட்ஃபிளேர் சேவை தொடங்கியது. 2015 ஒக்டோபரில் அமேசன் தன் வெப் தீச்சுவரை அறிமுகப்படுத்தியது. 2018இல் ஒரேகல், செனெட்ஜ் என்ற நிறுவனத்தை வாங்கி இந்தத் துறைக்குள் இறங்கியது. இச்சேவைகளில் விதி எழுத ஓர் ஆள் திரையைத் திறந்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏ.பி.ஐ. என்ற வழியாக ஒரு நிரலே மற்ற நிரலுக்குக் கட்டளை அனுப்பும். இரவு 2 மணிக்குத் தாக்குதல் வந்தாலும் அடுத்த நிமிடம் புதிய விதி ஏறிவிடும்.

வேகம் வந்தால் ஆபத்தும் கூடவே வரும். ஒரேகலின் முதல் வெப் தீச்சுவர்ச் சேவைக்கான ஏ.பி.ஐ.யில் அணுகல் விதிகளைத் தனித்தனியாக அனுப்புவதில்லை, முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டும். ஏற்கனவே உள்ள விதிக்கு ஓர் அடையாளக் குறி இருக்கும். குறியில்லாமல் எழுதினால் அது புதிய விதியாகச் சேரும். பழைய விதியைக் குறிப்பிடாமல் விட்டால் அது அழிந்துவிடும். ஆசிரியர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பெயரை மட்டும் எழுதி வரவு இடாப்பை ஒப்படைத்தால், மற்ற 39 பிள்ளைகளும் விலகிவிட்டதாக ஆகிவிடும்!

பெரிய நிறுவனங்களுக்கும் சறுக்கும். 2019 ஜூலை 2ஆம் திகதி கிளவுட்ஃபிளேர் தன் தீச்சுவருக்கு ஒரு புதிய விதியை அனுப்பியது. யாரையும் தடுக்காமல் கவனிக்க மட்டும் அனுப்பிய விதிதான். ஆனால் அதை எழுதிய விதம் கணினிகளின் முழுச் சக்தியையும் உறிஞ்சிவிட்டது. ஓரிடத்தில் பரீட்சித்துப் பார்க்காமல் உலகம் முழுவதும் ஒரேயடியாக அனுப்பியதால், ஏறத்தாழ 27 நிமிடங்கள் எண்ணற்ற இணையத்தளங்கள் திறக்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளம் ஊடுருவப்பட்டது. உயர்தரப் பரீட்சையைப் புத்தாண்டு வரும் ஏப்ரலில் வைக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. இலங்கை இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்றும் இருந்தது. கடுகண்ணாவையில் 17 வயது மாணவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அப்படி நுழைவது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆசிரியர்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. அந்தத் திறமை காவல் பக்கம் திரும்ப, யாராவது ஒரு வழி காட்டியிருந்தோமா?

அது காவல் பலவீனமான கதவு. அதற்கு நேரெதிரான கதையையும் நாம் அனுபவித்தோம். 2018 மார்ச்சில் திகனையில் நம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் தடையின்றி ஓடின. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. ஆனால் மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் செய்தது, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் மூன்றையும் நாடு முழுவதற்கும் மூடியது. ஒரு வாரமளவில் தடை நீடித்தது. தீ மூட்டியவனுக்கும் தடை, "நீங்க சுகமா இருக்கீங்களா?" என்று கண்டியிலுள்ள உறவைக் கேட்டவருக்கும் அதே தடை. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் மீண்டும் அப்படியே நடந்தது. இது வெப் தீச்சுவர் அல்ல, இணைய நிறுவனங்கள் ஊடாகச் செய்யப்பட்ட தடை. ஆனால் உருவம் ஒன்றுதான்: ஒரு நிபந்தனை, ஒரு நடவடிக்கை. நிபந்தனையில் 'இலங்கையிலிருந்து வருகிறவர் எல்லோரும்' என்று எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

இதைக் குறை சொல்கிற நாங்களே அதே பிழையைச் செய்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடியிருந்தபோது, ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து கடந்தகால வினாத்தாள்களைப் போட ஒரு சிறிய தளம் அமைத்தோம். சில வாரங்களில் நுழைவுப் பக்கத்தில் விடாமல் கடவுச்சொல் முயற்சிகள் வந்தன. பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் வெளிநாட்டு முகவரிகள். நாங்கள் ஒரு விதி எழுதினோம்: இலங்கை தவிர எந்த நாட்டையும் விடாதே. அன்றிரவே தொல்லை நின்றது. கெட்டித்தனம் செய்துவிட்டதாக மகிழ்ந்தோம்.

ஒரு வாரம் கழித்துக் கத்தாரிலிருந்து நம்மூர்த் தகப்பன் ஒருவரின் குரல்பதிவு வந்தது. "சேர், மகளுக்கு நெட் காட் போட வசதியில்ல. நான்தான் வேலை முடிஞ்சு வந்து இங்கயிருந்து எறக்கி, படமா எடுத்து அனுப்புவன். இப்ப தொறக்குதில்ல. நான் ஏதும் பிழ செஞ்சனா?"

அந்தக் கடைசிக் கேள்வி எங்களைத் தூங்கவிடவில்லை. யுத்தக் காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நடந்தவர்கள் நாம். அட்டையிலுள்ள ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறுவதைச் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறோம். 2019க்குப் பிறகும் அதை மீண்டும் பார்த்தோம். ஊரை வைத்து ஆளை அளப்பது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்த நாங்களே, எங்கள் பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு அதையே எழுதி வைத்திருந்தோம்.

விதியை மாற்றினோம். வினாத்தாள் பக்கம் உலகத்துக்கே திறந்தது. நுழைவுப் பக்கத்தில் மட்டும், ஓர் ஐ.பி. முகவரியிலிருந்து அளவுக்கு மிஞ்சி முயற்சி வந்தால், மனிதன்தானா என்று கேட்க வைத்தோம். புதிய விதி எதுவானாலும் முதல் சில நாட்கள் 'பதிவேட்டில் குறி' என்ற நிலையில் விட்டு, யார் யார் மாட்டியிருப்பார்கள் என்று பார்த்த பிறகே தடுக்கப் பழகினோம்.

பட்டியல் நன்றாக இருந்தால் மட்டும் எல்லாம் பாதுகாப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது. 2021 பெப்ரவரியில் டொட் எல்கே பெயர்ப் பதிவகம் தாக்கப்பட்டு, சில இலங்கைத் தளங்களுக்குப் போனவர்கள் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டார்கள். சந்தியிலுள்ள வழிகாட்டிப் பலகையையே திருப்பி வைத்தால், வீட்டு வாசலில் நிற்கும் காவலாளி என்ன செய்வான்? 2023இல் அரசாங்க மேகச் சேவையில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மென்பொருள் பழையது, அந்தக் காலத்துக்குரிய பிரதியும் இல்லை. காவலும் வேண்டும், பிரதியும் வேண்டும்.

இதை ஏன் ஊருக்கு எழுதுகிறோம்? இன்று நம் பாடசாலைகள், சங்கங்கள், பள்ளிவாசல் நிருவாகங்கள் மஹல்லாக் குடும்ப விபரம், ஸக்காத் பெறுவோர் பட்டியல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி வருகின்றன. அதில் விதவைகளின் பெயர் இருக்கிறது, கடன்பட்டவரின் கணக்கு இருக்கிறது. அந்தப் பட்டியல் வெளியே போனால் மானம் போகும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. ஆகவே உங்கள் நிருவாகக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் தளத்தின் காவல் விதிகளை எழுதியது யார்? அவற்றைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? பிழையாகத் தடுக்கப்பட்டவர் யாரிடம் சொல்ல வேண்டும்?

மாரியில் வாவி நிரம்பும்போது முகத்துவாரத்தை வெட்டுவதற்கு முன் விவசாயிகளும் மீனவர்களும் அதிகாரிகளும் இருந்து பேசுகிறார்கள். எப்போது திறப்பது என்பதில் ஒருவருக்கு வயல் இருக்கிறது, மற்றவருக்கு வலை இருக்கிறது. இணைய வாசலையும் அப்படிப் பேசித்தான் திறக்கவும் மூடவும் வேண்டும். தெரிந்த ஒருவர் மட்டும் எழுதி, மற்றவர்கள் கேட்காமல் இருந்தால், கடைசியில் கத்தாரிலிருக்கும் தகப்பன்தான் வெளியே நிற்பார்.

கேள்வி கேட்ட மாணவிக்கு இப்போது பதில் சொல்லிவிட்டோம். அவளுடைய அடுத்த கேள்வி: "சேர், அந்தப் பட்டியல எழுத எங்களுக்கும் படிச்சுத் தருவீங்களா?" இன்ஷா அல்லாஹ், வருகிற தவணை விடுமுறையில் ஆரம்பிக்கிறோம். இந்தத் துறையில் வேலை செய்கிற நம்மூர்ப் பிள்ளைகள் எங்கிருந்தாலும், வாரத்தில் ஒரு மணித்தியாலம் தர முடிந்தால் கீழே சொல்லுங்கள்.